போன்லெஸ் என்றொரு மீன்

"தம்பி, இது இன்னா மீனு?"

கேட்டவர் என் தாய்மாமா. கேட்கப்பட்டவன் கறுப்பு ஏப்ரன் கட்டிய, இருபது வயது மதிக்கத்தக்க, பரிமாறும் பையன். இடம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் ஒரு மாடியில் இயங்கும் கிரில் உணவகம். சந்தர்ப்பம், என் தங்கை மகனின் பத்தாவது பிறந்தநாள். மேஜையின் நடுவில் பள்ளம் வெட்டிக் கரி அடுப்பைப் பதித்திருந்தார்கள். அதன்மேல் கம்பிகளில் கோத்த மஞ்சள் துண்டுகள் வாடிக்கொண்டிருந்தன.

"ஃபிஷ் டிக்கா சார்."

"மீனுன்னு தெரியுதுப்பா. இன்னா மீனு?"

பையன் ஒரு கணம் யோசித்தான். "போன்லெஸ் சார்."

மாமா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் எண்ணூர்க் கடலில் முதலில் கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் படகிலும் போய்வந்த மனிதர் அவர். வலைக்கயிற்றின் துடிப்பை வைத்தே உள்ளே கிடப்பது என்ன மீன் என்று சொல்லிவிடுவார் என்பது எங்கள் குடும்பத்தில் சற்று மிகைப்படுத்திச் சொல்லப்படும் கதை. மிகையைக் கழித்தாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. அவர் அந்தத் துண்டை இரண்டு விரலால் பிட்டுப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டு மெதுவாக மென்றார். "மீன் மாதிரிதான் கீது," என்றார்.

இந்தக் கட்டுரை அந்த 'மாதிரி'யைப் பற்றியது.

மேஜையிலேயே அடுப்பு, நிற்காமல் வந்துகொண்டிருக்கும் துண்டுகள், போதும் என்பதற்கு மடக்கி வைக்க ஒரு சின்னக் கொடி, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. இந்தப் பாணியை இந்திய நகரங்களில் பரப்பியதில் முதன்மையானது, 2006-இல் மும்பையில் தன் முதல் கடையைத் திறந்த பார்பெக்யூ நேஷன். நாங்கள் போனது அதுவல்ல. அதைப் பார்த்துக் கிளைத்த எத்தனையோ கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். எந்தக் கடையின் பெயரை இட்டு நிரப்பினாலும் இங்கே சொல்லப்போவதில் ஒரு வரியும் மாறாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபிறகு எங்கள் சாலையின் முகம் மாறிவிட்டது. துணிக்கடை, நகைக்கடை, கேக் கடை, அவற்றின் வரிசையில் இதுவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவு நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கொண்டாடினார்கள். கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். ஏசி வேலை செய்தது. புகை எங்கள் கண்ணைத் தொடாமல் மேலேயுள்ள குழாய் உறிஞ்சிக்கொண்டது. கண்ணில் படாமல் புகையை உறிஞ்சும் குழாய் ஒன்று எங்கள் பக்கத்தில் இருப்பதே பெரிய விஷயம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது வரை எங்கள் கொடித்துணிகளின்மேல் விழுந்ததை உறிஞ்ச ஒரு குழாயும் இருந்ததில்லை.

ஆகவே, இது கிரில் உணவகங்களுக்கு எதிரான கட்டுரை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். உண்மையில் என் முதல் சண்டை வேறு ஆட்களோடு.

*

இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவரிடம் இந்த விருந்தைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "வடசென்னையிலுமா? அங்கேயாவது அசல் உணவு மிச்சமிருக்கும் என்று நினைத்தேனே," என்றார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ, தள்ளுவண்டி மாட்டுக்கறிச் சில்லி, காசிமேட்டில் அலுமினியச் சட்டியில் பொரியும் மீன் ஆகியவற்றைப் பற்றி ஒரு சிறு உரையே நிகழ்த்தினார். கண்களில் நீர் கோக்காத குறை. 2014-இல் 'மெட்ராஸ்', 2018-இல் 'வடசென்னை' என்று படங்கள் வந்தபின் எங்கள் ஊருக்கு இவ்வகை அன்பர்கள் பெருகியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காமிராவோடு வருகிறார்கள். எங்கள் எச்சில் தட்டுவரை படமெடுத்துக்கொண்டு, பத்து மணி வெயிலுக்குமுன் பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த அன்பு எனக்கு வேண்டாம். ராயபுரத்துக்காரனும் தண்டையார்பேட்டைக்காரனும் ஏசியில் உட்கார்ந்து துணி நாப்கினை மடியில் விரித்துச் சாப்பிடுவதைக் காணச் சகிக்காத அன்பு அது. நண்பர் தன் வீட்டு விழாவுக்கு அண்ணாநகரில் இதே பாணி உணவகத்துக்குத்தான் போகிறார். தனக்கு வாழ்க்கையும் எங்களுக்கு அசல்தன்மையும் என்று பங்கு பிரித்துக் கொடுக்க இவர் யார்? மீன் நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். நாற்றமில்லாத மேஜை ஒன்றில் என் தங்கை மகன் பத்து வயதில் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்குச் சாதாரண விஷயமல்ல. அதைப் பறித்துக்கொண்டு அவன் கையில் அசல்தன்மையைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை.

அசல் என்று இவர்கள் நினைப்பதும் அசலில்லை. அத்தோவே கடல் தாண்டி வந்ததுதான். துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் எல்லாம் எங்கிருந்தோ வந்து இறங்கியவைதான். 'பார்பெக்யூ' என்ற சொல்லையே பாருங்கள். கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் மரக்கம்புகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த 'பார்பகோவா' என்ற பெயர் ஸ்பானியர் வாய்வழி உலகத்துக்குப் போயிற்று. 1492-இல் கொலம்பஸ் வந்து சில பத்தாண்டுகளுக்குள் அந்த மக்களில் மிகப் பெரும்பகுதியினர் அழிந்தார்கள். அவர்கள் சொல் மட்டும் நம் திருவொற்றியூர் மாடிவரை வந்து சேர்ந்திருக்கிறது. மக்கள் போய்ச் சொல் தங்கிவிட்டது அங்கே. நான் பயப்படுவது இதன் மறுதலையைக் குறித்து. எங்கள் பக்கத்தில் மக்கள் இருக்கிறார்கள், சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

*

இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்குச் சங்க இலக்கியம் புதிதல்ல. கம்பியில் கோத்துச் சுடுவது நமக்கு மும்பையிலிருந்து வந்து சேர்ந்ததல்ல என்பதைச் சொல்லப் பெரிய புலமை தேவையில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் காழில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன் வருகிறது; வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கிச் சூடாற்றித் தின்கிறார்கள். இரவும் பகலும் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல் மழுங்கிவிட்டது என்கிறான் பொருநன். அளவில்லா விருந்துக்கு இதைவிட நல்ல விளம்பர வாசகம் இன்றுவரை எழுதப்படவில்லை. மேஜைமேல் ஒரு கொடி இருந்திருந்தால் அந்த ஆள் மடக்கியிருக்கவே மாட்டான்.

ஆனால் நான் அந்தப் பாட்டில் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அதே விருந்தில் வரும் செம்மறிக்கிடா என்ன தின்று வளர்ந்தது என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது: அறுகம்புல். நெய்தல் நிலத்துக்கு வாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குப் போகும் பாணனுக்கு நுளையர் வீடுகளில் கிடைப்பது வெறும் சுட்ட மீனல்ல. உலர்ந்த குழல் மீனைச் சுட்டது. அடுப்பில் எரிவது அலை கொண்டுவந்து கரையில் தள்ளிய மணமுள்ள மரம். அது தூங்கும் ஒட்டகம்போலக் கிடக்கிறது என்று நத்தத்தனார் உவமை சொல்கிறார். பட்டினப்பாலையில் புகார்க் கடற்கரைப் பரதவர் தின்பது சுட்ட கடல் இறால், வேகவைத்த வயல் ஆமை. எந்த நீரில் எது என்பது பிரித்துச் சொல்லப்படுகிறது.

இதை நான் பழம்பெருமைக்காக எடுத்துவரவில்லை. பழம்பெருமை பேசுபவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சொல்ல வருவது எளிய ஒன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு புலவன், அரசனிடம் பரிசு வாங்கப் போகிறவனுக்கு வழி சொல்லும் அவசரத்திலும், தட்டில் விழும் மீனின் பெயரை விட்டுவிடவில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் உணவகம், பளபளக்கும் அட்டையில் அறுபது பண்டங்களை அச்சடித்திருக்கும் உணவகம், அதை விட்டுவிட்டது.

*

நாங்கள் போனது மே மாதம். வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 ஆயிற்று. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வலை பின்னுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். சந்தையில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நகர்வோம். ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்துவரும் கொஞ்ச மீன், அது இல்லாத நாளில் கருவாடு, அதுவும் இல்லாவிட்டால் முட்டை. வீட்டுச் சமையலறைக்கே கடலின் நாட்காட்டி தெரியும்.

கடலுக்கு விடுமுறை என்ற சமாச்சாரம் அந்த மாடிக்கு ஏறவில்லை. மீன் வந்தது. இறால் வந்தது. கேட்கக் கேட்க வந்தது.

எப்படி? சாப்பாடு முடியும் தறுவாயில் அந்தப் பையனே திரும்பி வந்தான். மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, 'சார்' என்பதைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: "கிச்சன்ல கேட்டேன் தாத்தா. பாசாவாம். பாக்கெட்ல வர்து." அந்தப் பையனுக்கு என் வணக்கம். வாங்குகிற சம்பளத்துக்கு அவன் செய்ய வேண்டிய வேலை அல்ல அது.

பாசாவைப் பற்றி வாட்ஸாப்பில் வரும் பீதிகளை நான் நம்புவதில்லை. அது விஷமல்ல, மீன்தான். தென்கிழக்காசியாவின் மேகாங் ஆற்றைப் பூர்வீகமாகக் கொண்ட கெளுத்தி வகை. இந்தியாவில் ஆந்திரக் குளங்களில் ஏராளமாக வளர்க்கப்படுகிறது. ஆனால் அதன் வரலாற்றைக் கொஞ்சம் துருவினால் சிரிப்பு வருகிறது. வியட்நாமில் பாசா என்பது ஒரு மீன், ட்ரா என்பது இன்னொரு மீன். உலகச் சந்தையில் 'பாசா' என்று விற்பதில் பெரும்பகுதி உண்மையில் ட்ரா. அமெரிக்காவில் உள்ளூர்க் கெளுத்தி வளர்ப்பவர்கள் முறையிட்டதன் பேரில், வியட்நாம் மீனைக் 'கேட்ஃபிஷ்' என்று சொல்லி விற்கக்கூடாது என்று 2002-இல் சட்டமே வந்தது. அதாவது, மேஜைக்கு வருமுன்பே பெயரைத் தொலைத்துவிட்டு, இரவல் பெயரோடு உலகம் சுற்றும் மீன் இது. நம் ஊரில் அந்த இரவல் பெயரும் கழன்று 'போன்லெஸ்' ஆகிவிட்டது. முள் இல்லாதது என்பது ஒரு மீனின் பெயராக முடியுமானால், கவலையில்லாதவன் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம்.

இறாலின் கதையும் ஏறக்குறைய இதுவே. மேஜையில் வந்தது வளர்ப்பு இறாலான வன்னாமெய். மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரை அதன் பிறப்பிடம். 2009-இல்தான் இந்திய அரசு அதை வளர்க்க அனுமதித்தது. தாய் இறால்கள் விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகின்றன. பசிபிக்கிலிருந்து நீலாங்கரை வழியாக ஓர் இறால் எங்கள் மேஜைக்கு வரும் அதே நேரத்தில், எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றில் இருளர் பெண்கள் மார்பளவு நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு இறால்களும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை.

*

இங்கே என் தங்கை குறுக்கிட்டாள். இந்தக் கட்டுரைக்கு வரக்கூடிய மறுப்புகளில் ஆகக் கடினமானது அவளுடையதுதான். எனவே முழுமையாகத் தருகிறேன்.

"நீயும் மாமாவும் பேர் சொல்லிச் சாப்புடுவீங்க. செதில் சீவுறது யாரு? செவுள் கழட்டுறது யாரு? கை நாத்தம் போகப் புளி தேச்சுக் கழுவுறது யாரு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், முள்ளு எடுக்காம, எவனுக்கும் ஊட்டாம, உக்காந்து துன்னலாம்னு வந்தேன். அதுக்கும் பேர் கேக்குறீங்க."

பதில் சொல்ல முடியாத வாதம். நெய்தல் பாடிய புலவர்கள் முதல் இந்தத் தளத்தில் எழுதும் நான்வரை மீனைப் பெயர் சொல்லி ரசித்தவர்கள் எல்லாம், பெரும்பாலும், அதைக் கழுவாதவர்கள். அவளுடைய அந்த ஒரு மாலை நியாயமானது. முள் நீக்கிய மீனுக்கு நான் எதிரியல்ல. வஞ்சிரத்தையும் முள் நீக்கித் தரலாம், கொடுவாவையும் தரலாம், நம் கடலின் பாறையையும் தரலாம். முள்ளை எடுத்துவிட்டால் பெயரையும் எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சமையல் சாத்திரமும் சொல்லவில்லை. தங்கை கேட்பது வேலையிலிருந்து விடுதலை. கடை அதோடு சேர்த்து மறதியையும் பொட்டலம் கட்டித் தருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த மறுப்பு நண்பரிடமிருந்து: "பெயரில் என்ன இருக்கிறது? எண்ணூர் ஆற்று மீனை நம்பித் தின்ன முடியுமா? பாக்கெட் மீன்தான் பத்திரம்."

இதற்குத்தான் நான் கோபப்படுகிறேன். ஏனென்றால் இது பாதி உண்மை.

எண்ணூர், ஆங்கிலேயர் காலத்தில் சென்னையின் வெள்ளையர்கள் படகு விடவும் ஓய்வெடுக்கவும் போன இடம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் கூடிப் பெருகிய மீன்களைச் சொல்லி மாளாது. மடவை, கெளுத்தி, கொடுவா, கிழங்கான், வெள்ளை இறால், நண்டு, பாறை இடுக்கில் பச்சை ஆளி என்று மாமா ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பிறகு வந்தவற்றின் பட்டியலும் நீளமானது. மணலியின் ஆலைகள், அனல்மின் நிலையங்கள், 1994-இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள், அவை கசிந்து ஆற்றுப் படுகையில் படிந்த சாம்பல், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம். 2017 ஜனவரி 28 அன்று அந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கறுப்புப் பிசினை மனிதர்கள் வாளியால் அள்ளிய படங்களை மறந்திருக்கமாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு இறங்கியது. வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் ஒரே கறுப்புக் கோடு. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் நள்ளிரவில் மூச்சுத் திணறிச் சாலைக்கு ஓடின.

ஆகவே நண்பரின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. கழிமுகத்தின் சேற்றிலும் மீனிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. என் கேள்வி இதுதான். அந்த மீனை யாராவது தின்கிறவரைதான் அது அழுக்காக இருப்பது ஒரு பிரச்சினை. எல்லோரும் பாக்கெட்டுக்கு மாறிவிட்ட நகரத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யச் சொல்லி யார் கேட்பார்கள்? குப்பத்துக்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்; ஐம்பது வருடமாகப் பார்க்கிறோம். நகரத்தின் நாக்கு ஓர் ஆற்றோடு ஒட்டியிருக்கும்வரை அந்த ஆற்றுக்கு நகரத்தில் ஒரு வக்கீல் உண்டு. நாக்கு கழன்றால் வக்காலத்தும் கழன்றுவிடும்.

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். குடும்பத்தை எண்ணினார்கள், படகை எண்ணினார்கள். அந்த அளவுக்கு நல்லது. தொகை போதுமா என்பது வேறு பேச்சு. ஆற்றில் என்ன போயிற்று என்பதை எண்ணிச் சொல்லும் பட்டியலை நான் எந்தச் செய்தித்தாளிலும் படிக்கவில்லை. அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று தலையங்கம் எழுதியவரையும் பார்க்கவில்லை. எப்படி எழுதுவார்கள்? மடவை போயிற்று என்று சொல்ல, மடவை என்று ஒன்று இருந்ததாகத் தெரிந்திருக்க வேண்டும். மீன் என்ற பொதுப்பெயர் ஒருநாளும் அழியாது. பாக்கெட்டில் வந்துகொண்டே இருக்கும். அழிவது எப்போதும் மடவையும் கிழங்கானும் பச்சை ஆளியும்தான். பெயரை இழந்தவர்கள் இழப்பையே உணராமல் தொடர்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அந்த மாடியில் அன்று மாலை எங்கள் குடும்பம் செய்தது அதுவே.

*

குறை மட்டும் சொல்லிப் போகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. என் கோரிக்கை மிகச் சிறியது. முதலீடு வேண்டாம், அலங்காரத்தை மாற்ற வேண்டாம், கொடியைக்கூட அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மீனின் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பாசா என்றால் பாசா, ஆந்திரக் குளம் என்றால் ஆந்திரக் குளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடைக்காலத்தில் "இன்று கடல் மீன் இல்லை" என்று ஒரு பலகை வையுங்கள், வாடிக்கையாளர்கள் செத்துப்போகமாட்டார்கள். ஜூன் 15-க்குப் பிறகு ஒரு கம்பியிலாவது காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீன் இருக்கட்டும். முள் நீக்கியே தாருங்கள், என் தங்கை உங்களை வாழ்த்துவாள்.

நடக்காத காரியம் என்பார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்திலும் எத்தனை கலோரி என்று அட்டையில் காட்ட வேண்டும் என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. கலோரியை எண்ணி அச்சடிக்க முடிகிற அட்டையில் நான்கு எழுத்துப் பெயருக்கு இடமில்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் மீன்கடைக்காரர் மீனின் வணிகப் பெயரையும் அறிவியல் பெயரையும் பிடிபட்ட கடற்பகுதியையும் எழுதி வைக்க வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். காசிமேட்டில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயா, எழுதப் படிக்கத் தெரியாமல், சட்டம் எதுவும் கேட்காமல், தினமும் வாய்விட்டுக் கூவுகிற தகவல்தான் இது: சங்கரா, நவரை, கானாங்கத்தை, காரப்பொடி. எந்த மீன், எப்போது வந்தது, குழம்புக்கா வறுவலுக்கா என்று அவர் சொல்லிவிடுவார். சந்தேகமிருந்தால் செவுளைத் தூக்கிக் காட்டுவார். அவர் தருகிற மரியாதையில் பாதியை ஏசி மாடியும் தரலாம்.

கடைக்காரர்கள் தாமாகத் தரமாட்டார்கள். ஆகவே இது நம் வேலை. அசல் வடசென்னையைத் தேடி ஞாயிறுதோறும் வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காமிராவை வீட்டில் வைத்துவிட்டு, உங்கள் அண்ணாநகர், அடையாறு கிரில் உணவகங்களில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள்; பரிமாறும் பிள்ளையைத் திணறடிக்க வேண்டாம், மேலாளரை அழைத்துக் கேளுங்கள். பத்து மேஜையில் கேட்டால் பதினோராவது மேஜைக்கு விடை தயாராக இருக்கும்.

கேள்வி மாமாவுடையது. உரிமம் எதுவும் வாங்க வேண்டாம்: "இன்னா மீனு?"

பி.கு: கிளம்பும்போது மாமா அந்தப் பையனை அழைத்து எந்த ஊர் என்று விசாரித்தார். கொருக்குப்பேட்டை என்றான். தடை முடிந்து படகு திரும்பும் முதல் நாள் விடியற்காலையில் காசிமேட்டுக்கு வரச்சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்தார். ஜூன் மூன்றாவது வாரம் அவன் வந்தான். இரண்டு மணிநேரம் மாமாவோடு ஏலத் தரையில் சுற்றியிருக்கிறான். இருபத்திரண்டு மீன்களின் பெயரைத் தன் போனில் தட்டச்சு செய்துகொண்டு போனானாம். அவன் வேலை பார்க்கும் கடையின் அட்டையில் இன்னும் ஃபிஷ் டிக்கா என்றுதான் இருக்கிறது.